மலையை இரண்டு முறை சரியச் சொல்ல முடியாது

ஏப்ரல் 3

தம்பிக்கு,

பள்ளியை மாற்றச் சொல்லி நான் கொடுத்த அறிக்கைக்கு நீ எழுதிய கருத்துரையின் நகலைப் பள்ளிப் பாதுகாப்புக் குழுத் தலைவர் நேற்று எனக்கு அனுப்பி வைத்தார். மூன்று பக்கம். கடைசி வரி மட்டும் எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. "இந்த அறிக்கை அறிவியல் முறையைப் பின்பற்றவில்லை. ஆகவே இதை வைத்துப் பள்ளியை இடம் மாற்றப் பரிந்துரைக்க இயலாது." மருந்துக் கம்பெனிக்காரர்களுக்கு எழுதுகிற அதே கையால் உடன்பிறந்தவளுக்கும் எழுதிவிட்டாய். பரவாயில்லை, கையெழுத்து மட்டும் அழகாக இருந்தது.

நான் என்ன செய்தேன் என்று நீ படித்தாயா, இல்லை புரட்டினாயா? பள்ளிக்குப் பின்னால், மலையடிவாரத்தில், ஆள் உயரத்துக்குக் குழி தோண்டினேன். குழியின் சுவரைப் பார்த்தால் உடைந்த கல் பெரிதும் சிறிதுமாகக் கலைந்து கிடக்கிறது. ஆற்றுக் கல் என்றால் உருண்டு வழவழப்பாக இருக்கும். இது விளிம்பு கூர்மையாக இருக்கிறது, மேலேயிருந்து ஒரே மூச்சில் வந்து விழுந்த கல். அதற்குக் கீழே பழைய கறுப்பு மண், அதில் நசுங்கின மரக்கிளை. அதற்கும் கீழே மறுபடி உடைந்த கல். அதாவது இந்த மலை ஒரு தடவை சரிந்து, காடு முளைத்து, திரும்பவும் சரிந்திருக்கிறது. மலைக்கு இது பழக்கம். மேலே உச்சியில் புது விரிசல் ஒன்றும் விட்டிருக்கிறது. கீழே முந்நூறு பிள்ளைகள் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்கிறார்கள்.

சோதனை எங்கே, ஒப்பீடு எங்கே என்று கேட்டிருக்கிறாய். மலையை இரண்டு முறை சரியச் சொல்ல முடியாதடா. ஒரு தடவை பிள்ளைகளோடு, ஒரு தடவை பிள்ளைகள் இல்லாமல் என்று செய்து காட்டவா?

ஜூன் கடைசியில் குழு முடிவெடுக்கிறது. ஜூலையில் மழை. ஃபோனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது.

அக்கா


ஏப்ரல் 11

அக்காவுக்கு,

உன் கடிதத்தை எனக்கு முன்னால் அம்மா பிரித்துப் படித்துவிட்டாள். "ஏன்டா, அவளைப் பொய் சொல்றான்னா எழுதுன?" என்று இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை. காபி மட்டும் வருகிறது, சர்க்கரை இல்லாமல்.

முதலில் ஒன்று. குழுத் தலைவர் கேட்டபோதே சொன்னேன். "அவங்க என் அக்கா. வேற யார்கிட்டயாவது கேளுங்க." அவர் சிரித்தார். "அப்படின்னா நீங்க இன்னும் கறாராப் பார்ப்பீங்க" என்றார். கறாராகத்தான் பார்த்தேன்.

இரண்டாவது. நீ பொய் சொல்கிறாய் என்று எங்கேயும் எழுதவில்லை. நீ நம்புவதை நான் நம்பக் காரணம் இல்லை என்றுதான் எழுதினேன். மருந்துகளைச் சோதிக்கிற என் வேலையில் நான் பார்த்தது அப்படி. மூட்டுவலிக்கு ஒரு மாத்திரை வந்தது. பெரிய பெரிய டாக்டர்கள் எல்லாம் "கண்ணால பார்த்தோம், நோயாளி எழுந்து நடக்கிறார்" என்று சத்தியம் செய்தார்கள். பாதிப் பேருக்கு அந்த மாத்திரையும், பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் சுண்ணாம்பு மாத்திரையும் கொடுத்தோம். எது எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது. சுண்ணாம்பு சாப்பிட்டவர்களும் அதே மாதிரி எழுந்து நடந்தார்கள். அந்த டாக்டர்களில் ஒருவர்கூடப் பொய்யர் இல்லை. அனுபவம் இருந்தது, கண் இருந்தது, ஏமாந்தார்கள்.

அதனால்தான் ஊகம், சோதனை, முடிவு என்று ஒரு முறை வைத்திருக்கிறோம். எல்லோருக்கும் ஒரே முறை. அவரவருக்கு ஒரு வழி என்று விட்டுவிட்டால், கைரேகை பார்க்கிறவனும் "நானும் இருபது வருஷமாகக் கோடு படிக்கிறேன்" என்பான். அவனை எதை வைத்து வெளியே அனுப்புவாய்?

உன்னை நான் சோதித்துப் பார்க்கிறேன், சம்மதமா? பல இடத்து மண்ணைக் கொண்டுவந்து தருகிறேன். எங்கிருந்து எடுத்தது என்று சொல்லமாட்டேன். எது சரிந்து வந்த மண் என்று நீ சொல்.

தம்பி


ஏப்ரல் 19

வக்கீல் தம்பிக்கு,

முதலில், இரண்டாவது என்று வக்கீல் மாதிரி எண் போட்டு எழுதுவதை நீ பள்ளிக்கூடத்திலிருந்தே விடவில்லை. அம்மாவிடம் சொல், சர்க்கரை போடலாம் என்று.

நீ சொல்கிற அந்த ஊகம், சோதனை, முடிவு உன் ஆய்வுக்கூடத்துச் சுவரில் படமாகத் தொங்குகிறது, பார்த்திருக்கிறேன். நல்ல படம். ஆனால் உலகத்தில் அந்தச் சுவர் மட்டும்தான் இருக்கிறதா? நட்சத்திரம் பார்க்கிறவர்கள் எந்த நட்சத்திரத்தை மேசைக்குக் கொண்டுவந்து சூடு பண்ணினார்கள்? காய்ச்சல் எங்கே கிளம்பியது என்று தேடுகிறவர் தெருத்தெருவாக நடந்து கதவைத் தட்டுகிறார். அவர் யாருக்காவது வேண்டுமென்றே காய்ச்சல் கொடுத்துப் பார்த்தாரா? மழை வரும் என்று சொல்கிறவர் கணினிக்குள் ஒரு பொய் வானத்தைக் கட்டி அதில் காற்றை ஓட்டுகிறார். அவ்வளவு ஏன், உன் பக்கத்து அறைக்காரர் தூக்க மாத்திரை தேடப் போய், சாப்பிட்டவர்களுக்குப் படை மறைந்ததைப் பார்த்துத்தானே தோல் மருந்து கண்டுபிடித்தார்? அது உன் படத்தில் எந்தக் கட்டத்தில் வருகிறது?

கல்லையும் மண்ணையும் படிக்கிற நான் துப்பறிகிறவள் மாதிரி. கொலை நடந்து முடிந்த வீட்டுக்குள் நுழைந்து, யார் எப்படிச் செய்தார் என்று பார்ப்பது என் தொழில். இன்னொரு கொலை செய்து சரிபார் என்று யாரும் என்னிடம் கேட்பதில்லை, உன்னைத் தவிர.

ஆனால் கைரேகைக்காரன் கேள்வி என்னைக் குத்தியது. ஒப்புக்கொள்கிறேன். அதனால் உன் பரீட்சைக்குச் சம்மதம். அனுப்பு.

அக்கா


மே 8

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். ஆறு டப்பாக்கள், ஒரே அளவு, ஒரே மூடி.

போன வாரம் உன் ஊருக்கு வந்திருந்தேன். பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருக்கிற விடுதியில் தங்கி, நானே போய் மண் எடுத்தேன். எதிர்ச் சாரியிலிருந்து உன்னைப் பார்த்தேன். குடையை மடக்கிக்கொண்டு தபால் நிலையத்துக்குள் போனாய். கூப்பிட வாய் வந்தது, கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் என் முகத்தைப் பார்த்தே எங்கே தோண்டினேன் என்று கண்டுபிடித்திருப்பாய். சின்ன வயதில் நான் எதை ஒளித்தாலும் என் கண் போகிற பக்கத்தை வைத்துத்தானே எடுப்பாய்?

நியாயம் கெடக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறேன். எல்லா மண்ணையும் ஒரே சூட்டில் உலர்த்தி, கல், குச்சி, வேர் எதுவும் இல்லாமல் மெல்லிய சல்லடையில் சலித்து, ஒரே எடை போட்டு அடைத்திருக்கிறேன். மண்ணைத் தவிர வேறு எந்தத் துப்பும் உனக்குக் கிடைக்காது.

மகள் கேட்கச் சொன்னாள்: கல் அத்தை பாஸா, ஃபெயிலா?

தம்பி


மே 14

தம்பி,

ஊருக்கு வந்து, எதிர்த் தெருவில் நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு வராமல் போயிருக்கிறாய். அதைப் படித்துவிட்டுப் பார்சலைப் பிரிக்காமல் அன்று முழுக்க மூலையில் வைத்திருந்தேன். எனக்கு வலித்தது. அதையும் தெரிந்துகொள்.

மறுநாள் பிரித்தேன். மாவு! ஆறு டப்பா மாவு! தனியாக உட்கார்ந்து சிரித்தேன், பக்கத்து வீட்டம்மா "என்ன ஆச்சு?" என்று எட்டிப் பார்க்கிற அளவுக்கு. கல்யாண ஃபோட்டோவை அரைத்துத் தூளாக்கி, இதில் மாப்பிள்ளை யார் என்று கேட்கிறாய். கல்லின் விளிம்பு கூர்மையா மழுங்கலா, பெரியதும் சின்னதும் எப்படிக் கலந்திருக்கிறது, வேர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எதன் மேல் எது கிடக்கிறது, இதுதான் என் சாட்சி எல்லாம். நியாயம் நியாயம் என்று சாட்சிகளைச் சலித்துக் கொட்டிவிட்டு வெறும் நீதிமன்றத்தை அனுப்பியிருக்கிறாய்.

ஒன்று சொல்கிறேன். இரண்டாம் டப்பாவின் நிறத்தைப் பார்த்ததும் "பள்ளிக்கூட மண்" என்று எழுதக் கை துறுதுறுத்தது. எழுதியிருந்தால் ஒருவேளை சரியாகக்கூட இருந்திருக்கும். எழுதவில்லை. ஆறுக்கும் என் பதில் "தெரியாது". கைரேகைக்காரனிடம் போய் ஒரு தடவை "தெரியாது" வாங்கிக்கொண்டு வா, பார்க்கலாம்.

மண்ணை அப்படியே கொண்டுவா. குழியின் சுவரில் மரப்பெட்டியை அழுத்தி, முகம் கலையாமல் வெட்டி எடு. மேல் எது, கீழ் எது என்று குறி. நான் எப்போது தோற்பேன் என்பதையும் இப்போதே எழுதித் தருகிறேன், பத்திரமாக வை. பள்ளிக்குப் பின்னாலிருந்து எடுத்த பெட்டியைப் பார்த்து நான் "ஆறு கொண்டுவந்தது" என்று சொன்னால், என் அறிக்கையைக் கிழித்துப் போடு. நானே குழுவுக்கு எழுதுகிறேன்.

அக்கா


ஜூன் 2

அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் என் மனைவி சத்தமாகப் படித்தாள். கல்யாண ஃபோட்டோ வந்த இடத்தில் அம்மா சிரித்த சிரிப்பில் எனக்கு மூக்கு அறுபட்டது. காபியில் சர்க்கரை திரும்பிவிட்டது, அது ஒன்றுதான் லாபம்.

என் தப்பு எனக்குப் புரிந்தது. எங்கள் வேலையில் எல்லா வித்தியாசத்தையும் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் விட்டு வைப்போம். அந்தப் பழக்கத்தில், நான் எடுப்பது எது என்று பார்க்காமலே எடுத்துவிட்டேன். அந்த ஆறு "தெரியாது" என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. ஆறில் இரண்டைக் குருட்டடியாகச் சரியாகச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு நம்பியிருக்கமாட்டேன்.

இந்தத் தடவை மரப்பெட்டிகள். லாரியில் வருகின்றன. எங்கள் அலுவலகக் கணக்காளர் அம்மாதான் எண் போட்டார். எந்த எண் எந்த இடம் என்பது அவர் அலமாரியில் இருக்கிறது. எனக்கே தெரியாது. நானே வெட்டியெடுத்தாலும், எனக்குப் பார்த்தால் எல்லாம் மண்தான்.

இந்த முறையும் வீட்டுக்கு வரவில்லை. பரீட்சை முடியட்டும். திட்டாதே.

தம்பி


ஜூன் 9

தம்பி,

இதுதான் வேலை. பெட்டிகளை வெட்டிய கையை மெச்சுகிறேன், ஒரு கல்கூட ஆடவில்லை.

முதல் பெட்டியும் ஐந்தாவதும் ஆற்று நீர் கொண்டுவந்தவை. முதலாவது உயரமான கரை, ஐந்தாவது ஆற்றுப் படுகை. மூன்றாவது பெட்டி மனிதர் கொட்டியது. உடைந்த ஓடு இருக்கிறது, சாலை போட்டபோது நிரப்பியதாக இருக்கும். இரண்டாவதும் நான்காவதும் சரிந்து வந்தவை. நான்காவதில் இரண்டு சரிவு தெரிகிறது, நடுவில் பழைய கறுப்பு மண்.

ஆறாவது பெட்டிதான் என்னை உலுக்கிவிட்டது. சந்தேகமே இல்லை, சரிவு. கல் மற்றதைவிடப் பெரிது. ஒரு வேர் அப்படியே பிடுங்கப்பட்டுத் தலைகீழாகக் கிடக்கிறது. பள்ளிக்குப் பின்னால் நான் பார்த்ததைவிட இது மோசம். எங்கே எடுத்தாய்? அதன் மேல் யாராவது குடியிருந்தால் உடனே சொல்.

அக்கா


ஜூன் 14

அக்காவுக்கு,

ஆறில் ஐந்து! கணக்காளர் அம்மா அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க என் மகள் மேசையில் தாளம் போட்டாள். நான்காவதுதான் பள்ளிக்குப் பின்னால் எடுத்தது. இரண்டு சரிவு என்றதுவரை அப்படியே சொல்லியிருக்கிறாய். மூன்றாவது பேருந்து நிலையம். ஓட்டுத் துண்டு இருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

ஆறாவதில் மட்டும் சறுக்கிவிட்டாய். அது பழைய நூல் ஆலைத் திடல். புதுப் பள்ளி கட்ட நீயே தேர்ந்தெடுத்த இடம்! "இடம் தட்டையானது, பாதுகாப்பானது" என்று உன் அறிக்கையில் இருக்கிறது. நீயே சான்று கொடுத்த இடமாயிற்றே, ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்றுதான் அங்கேயும் வெட்டினேன். கவலைப்படாதே. எங்கள் கணக்கில் ஆறில் ஐந்து அபாரம். இதைவிடக் குறைந்ததற்கெல்லாம் மருந்து கடைக்கு வந்திருக்கிறது.

கருத்துரையை மாற்றி எழுதிவிட்டேன். பள்ளியைத் தாராளமாகத் திடலுக்கு மாற்றலாம் என்று பரிந்துரைக்கிறேன். திங்கட்கிழமை அனுப்புகிறேன். சந்தோஷமா?

தம்பி


ஜூன் 18

தம்பி,

நேற்று ஃபோனில் "அனுப்பாதே" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். நீ திரும்பத் திரும்ப அழைத்தாய், நான் எடுக்கவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஆறில் ஐந்து இல்லை. ஆறும் சரி. தப்பு என் அறிக்கையில்.

உன் கடிதம் வந்த அன்றே ஆட்களைக் கூட்டிக்கொண்டு திடலுக்குப் போனேன். ஒரு இடத்தில் இல்லை, நான்கு மூலையிலும் தோண்டினேன். எல்லாக் குழியிலும் அதே கதை. எதிர்ப்பக்கத்துக் குன்று என்றோ முழுசாக இறங்கி, அங்கே இருந்த பள்ளத்தை நிரப்பியிருக்கிறது. நான் தட்டையாக இருக்கிறது, பாதுகாப்பு என்றேன். தட்டையானதே அந்தச் சரிவால்தான். பள்ளிக்குப் பின்னால் அத்தனை குழி தோண்டியவள் திடலில் ஒரு குழி தோண்டவில்லை. மேலோட்டமாக நடந்து பார்த்துவிட்டு எழுதிவிட்டேன். பிள்ளைகளைச் சீக்கிரம் வெளியே கொண்டுவர வேண்டும் என்ற அவசரம். ஜெயிக்க வேண்டும் என்ற அவசரமும் இருந்தது.

ஒரு பயத்திலிருந்து பிள்ளைகளைத் தூக்கி அதைவிடப் பெரிய பயத்தில் வைக்க இருந்தேன். நீ கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டதால்தான் சரியாகச் சொன்னேன். திடல் என்று தெரிந்திருந்தால் அந்த வேரைப் பார்த்தும் வேறு காரணம் கண்டுபிடித்திருப்பேன். உன் டாக்டர்கள் மாதிரிதான் நானும்.

ஆனால் நீயும் கேள். ஐந்து மதிப்பெண் போட்டு, மீதி ஒன்றைத் தவறு என்று ஒதுக்கிவிட்டு நகர இருந்தாய். அந்த ஒன்றில்தான் முந்நூறு பிள்ளைகள் இருந்தார்கள்.

குழுவுக்கு நானே எழுதிவிட்டேன், என் அறிக்கையின் அந்தப் பகுதி தவறு என்று. முழு அறிக்கையையும் தூக்கிப் போட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. நீ உனக்குச் சரி என்று பட்டதை எழுது. எனக்காக ஒரு சொல்கூடக் கூட்டாதே, குறைக்காதே.

அக்கா


ஜூன் 30

அக்காவுக்கு,

நீ பயந்தது நடக்கத்தான் பார்த்தது. தலைவர் உன் கடிதத்தை மேசையில் தட்டினார். "உங்க அக்காவே தப்புன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. இனிமே எதை நம்புறது?"

"அவங்க தப்பை அவங்களே தோண்டி எடுத்துக் காட்டினாங்களே, அதை நம்புங்க" என்றேன். "நீங்க இதுவரைக்கும் படிச்ச எந்த அறிக்கையிலயாவது, நான் எப்ப தோத்தேன்னு அர்த்தம்னு முன்கூட்டியே எழுதிக் குடுத்தவங்க உண்டா?" தலைவர் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தார். நானும் இதுவரை அப்படி யாரையும் பார்த்ததில்லை.

பள்ளி மாறுகிறது. ஆற்றின் உயரமான கரையில், முதல் பெட்டி எடுத்த மேட்டில், தற்காலிகக் கூரை போடுகிறார்கள். வேறு ஊரிலிருந்து உன் தொழில்காரர்கள் இரண்டு பேரை வரவழைத்து, எதற்கு என்று சொல்லாமலே தோண்டிப் பார்க்கச் சொன்னேன். தனித்தனியாகப் பார்த்து இரண்டு பேரும் நல்ல இடம் என்றார்கள். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

என் கருத்துரையின் கடைசி வரியை அடித்துவிட்டு இப்படி எழுதியிருக்கிறேன்: "அறிவியலுக்கு ஒரே ஒரு முறை உண்டு என்று எண்ணி முன்பு எழுதியது என் தவறு. மருந்துக்குப் பொருந்துவது மலைக்குப் பொருந்த வேண்டியதில்லை. தன் முடிவை உடைக்கப் பிறருக்கு வழி திறந்து வைத்திருக்கிறாரா என்பதை மட்டும் எவரிடமும் கேட்கலாம். இவரிடம் கேட்டேன். திறந்து வைத்திருந்தார்."

உன்னை நினைத்துப் பெருமையாக இருக்கிறது. இதை ஃபோனில் சொல்லியிருக்கமாட்டேன்.

தம்பி


டிசம்பர் 5

தம்பி,

மழை முடிந்தது. மலை வரவில்லை.

ஊரில் என் கதை தெரியுமா? மளிகைக் கடைக்காரர் சில்லறை கொடுக்கும்போது, "என்னம்மா, மலை வரும்னு சொன்னீங்க, இன்னும் ஆளைக் காணோமே?" என்கிறார். கூரைக்கடியில் பிள்ளைகள் நனைகிறார்கள், பழைய கட்டடத்துக்கே போய்விடலாமே என்று பெற்றோர்கள் தலைமை ஆசிரியையை நச்சரிக்கிறார்கள். அவர் என்னிடம் வந்து, "எப்பதான் நிரூபணம் ஆகும்?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, களைத்துப் போய்க் கேட்டார்.

என்ன சொல்ல? உச்சி விரிசலைப் போய் அளக்கிறேன், கொஞ்சம் அகன்றிருக்கிறது. அடுத்த மழையிலா, என் பேத்தி காலத்திலா, தெரியாது. எல்லோர் வாயையும் ஒரே நாளில் அடைக்கக்கூடிய சோதனை ஒன்றே ஒன்று இருக்கிறது. நீ முதலில் கேட்டாயே, அதே சோதனை. அது என் ஆயுசுக்கும் நடக்கக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். தான் சரி என்று நிரூபணம் ஆகிவிடக்கூடாது என்று வேண்டிக்கொள்கிற தொழில் இது ஒன்றுதான் போல.

பிள்ளைகள் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஆற்றங்கரைப் பக்கம் போனால், "மலை வராத டீச்சர்! மலை வராத டீச்சர்!" என்று கூரை ஓரமெல்லாம் தலையாக நின்று கத்துகிறார்கள். முதல் நாள் முகம் சுருங்கிப் போயிற்று. இப்போது நின்று கையாட்டிவிட்டுப் போகிறேன். கடைசிவரைக்கும் எனக்கு அந்தப் பெயரே இருக்கட்டும்.

அக்கா